வேப்பம்பட்டைக் கை

ஆடி 3, ஞாயிறு

எல்லாமே நான் முன்கூட்டிச் சொன்னதுதான். அக்கா மகள் யமுனாவுக்கு ஆடிக்குள் மாப்பிள்ளை அமையும் என்று பங்குனியிலேயே சொன்னேன். வடக்கேயிருந்து வருவான் என்றேன், அந்தியூரிலிருந்து வந்திருக்கிறான். பெயர் 'கா'வில் தொடங்கும் என்றேன், கார்வேந்தன். மாமியார் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள் என்றும் சொன்னேன். அதுவும் இன்று நடந்துவிட்டது. என் அக்கா ருக்குமணி மட்டும், "நீ எப்படா சொன்னே?" என்கிறாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இது உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. போன வருடத்தது. தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். கல்யாணம் முடியும் வரை எல்லாவற்றையும் பதிந்து வைக்கப் போகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார்களே கூச்சப்பட்டிருக்கிறார்கள்.

கோபியில் டெய்லர் சென்னியப்பன் என்றால் தெரியாதவர் இல்லை. அக்கா வீட்டு முன்னறைதான் என் கடை. மச்சான் லாரி ஓட்டுகிறார். வருடத்தில் பாதி நாள் வடநாட்டில். ஆகவே இந்த வீட்டுக்கு ஆண் துணை, அறிவுத் துணை இரண்டும் நான்தான். கல்யாணம் செய்துகொள்ள எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

இன்று மாப்பிள்ளையின் அம்மா சம்பூர்ணம் கூறைப்புடவையைக் கொண்டுவந்து கொடுத்தார். முகூர்த்த ரவிக்கையைத் தாய்மாமன் தைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே பேசியது. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "ஏனுங் டெய்லரு, கை மட்டும் மணிக்கட்டு வரைக்கும் வெச்சுருங். இப்ப அதுதான் ஃபேஷனுங்க."

எல்லோரும் யமுனாவின் இடது கையைப் பார்த்தோம். பிறகு தரையைப் பார்த்தோம்.

அவளுக்கு முழங்கைக்குச் சற்று மேலிருந்து பாதி முன்கை வரை தழும்பு. ஆறு வயதில் பட்டது. மேசை மேல் இஸ்திரிப்பெட்டி இருந்தது, உள்ளே கரி கனன்றுகொண்டிருந்தது. பரணிலிருந்து ஒரு கறுப்புப் பூனை பாய்ந்து பெட்டியைத் தட்டிவிட்டது. குழந்தை கீழே இருந்தாள். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் எட்டே நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டரே கைகொடுத்தார்.

பெண் பார்க்க வந்த அன்றே யமுனா சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டியிருந்தாள். "நல்லாப் பாத்துக்குங்க. அப்பறம் சொல்லலீன்னு வரக்கூடாது" என்றாள். தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற கை, பேச்சும் அப்படித்தான். அன்று அவர்கள் பரவாயில்லை என்றார்கள். இன்று ஃபேஷன் என்கிறார்கள்.

ஆடி 6

என் எழும்பிய தையலைப் பற்றி எழுத வேண்டும். ஊரெல்லாம் பெண்கள் ஆரி வகுப்புக்குப் போய் மயிலும் தாமரையும் போட ஆரம்பித்ததும் நான் யோசித்தேன். அவர்கள் மயில் துணியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நான் போட்டால் எழுந்து நிற்க வேண்டும். பஞ்சை உருட்டி வைத்து, மேலே கம்பளித்துண்டை அடுக்கி, அதன்மேல் நூல் சுற்றி, முடிச்சு முடிச்சாக ஏற்றினேன். முதலில் ஒரு பையில் பாகற்காய். அப்புறம் தலையணை உறையில் சீத்தாப்பழம். தடவிப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணும் தனியாக விரலில் படும்.

கொடியில் காயப் போட்டிருந்த அந்தச் சீத்தாப்பழத்தைப் பக்கத்து வீட்டு ஆடு நிஜமென்று நம்பிக் கடித்துத் தின்றுவிட்டது.

அக்கா: "கடிக்கலடா. கஞ்சி போட்ட துணின்னு கன்னுக்குட்டி நக்குச்சு."

ஆடோ கன்றோ, ஏமாந்ததா இல்லையா?

ஆடி 9

யமுனா ஆபீசிலிருந்து வந்ததும் என் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, முழுக்கை வேண்டாம். முழங்கைக்கு மேல நாலு விரல்ல நிறுத்திருங்க."

"உன்ற மாமியா மணிக்கட்டுன்னு சொன்னாங்களே கண்ணு."

"கை அவீங்களுதா? என்னுதா?"

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "ஏம்புள்ள, ஒரு நாளு மூடிக்கிட்டா என்ன கொறஞ்சு போயிருவே?"

"இருவது வருசமா மூடிக்கிட்டுத்தான இருக்கறேன். அன்னைக்கு ஒரு நாளு தொறந்துக்கறேன்."

அது உண்மை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் போட்ட ஒவ்வொரு சட்டையும் ரவிக்கையும் நான் தைத்தது. எல்லாம் முழுக்கை. நானாகத்தான் வைத்தேன், யாரும் சொல்லவில்லை. அவளுக்கு நான் அளவே எடுப்பதில்லை. பழைய ரவிக்கையை வைத்து வெட்டுவேன். கண்ணளவு எனக்கு அப்படி.

முழுக்கைதான் லட்சணம், கல்யாண மண்டபத்தில் ஏசி குளிரும் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நாலு விரலு மாமா" என்று எழுந்து போனாள்.

ஆடி 11

சரி என்று சொல்லிவிட்டேன். பயந்து அல்ல. எனக்கே அந்த எண்ணம் இருந்தது.

கடை எதிரில் ஒரு வேப்பமரம். பன்னிரண்டு வருடம் முன்பு கரண்டு ஆபீஸ்காரர்கள் கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒரு கிளையை வெட்டினார்கள். வெட்டின இடத்தைச் சுற்றிப் பட்டை தடித்து, உதடு மாதிரி உருண்டு, உள்நோக்கி மடிந்து மூடியிருக்கிறது. மரத்திலேயே கெட்டியான இடம் அதுதான், ஆணி இறங்காது. ரவிக்கைக் கையின் ஓரத்தில் அந்த உதட்டைப் போடப் போகிறேன். மயில் இல்லை, தாமரை இல்லை. கல்யாண ரவிக்கையில் மரப்பட்டை போட்ட முதல் ஆள் உலகத்திலேயே நான்தான். விசாரித்துவிட்டேன்.

ஆடி 12

மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து மரத்தில் அப்பி அச்சு எடுத்தேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "ஏனுங் டெய்லரு, மரத்துக்கு பரோட்டா போடறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மேதைகள் சொல்வதில்லை.

ஆடி 13

அச்சு முழுக்க எறும்பு.

ஆடி 14

இன்று வேலை ஓடவில்லை. வெயில்.

ஆடி 15

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எறும்பு மொய்த்த அச்சைப் பார்த்துவிட்டு யமுனா சிரித்தாள். பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றி, இடது கையை என் வெட்டுமேசை மேல், கத்தரிக்கும் அளவு நாடாவுக்கும் நடுவில் வைத்தாள்.

"மரத்தை எதுக்கு அச்செடுக்கறீங்க? இதை எடுங்க. இங்கயும் ஒதடு இருக்குது."

இருந்தது. மேல் விளிம்பு வளைந்து, தடித்து, ஒரு பக்கம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்திருந்தது. நடுவில் பளபளப்பு. கீழே குறுகிப் போய்ப் பெட்டியின் மூக்கு மாதிரியே கூராக முடிந்திருந்தது. அது இவ்வளவு நீளம் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பட்டர் பேப்பரை வைத்துப் பென்சிலால் ஓரத்தை வரைந்தேன். கோடு இரண்டு முறை விலகிப் போனது. பென்சில் சரியில்லை.

"வலிக்குதா கண்ணு?"

"இருவது வருசங் கழிச்சா கேக்கறீங்க?" என்று சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "மாமா, அந்தப் பூனைக்கு என்ன நெறம்?"

"வெள்ளையும் கறுப்பும். நெத்தியில பொட்டு. எலியைத் தொரத்திட்டு வந்துது."

"முன்ன வெறுங் கறுப்புன்னீங்க."

"பரண்ல கரி அப்பியிருந்துச்சு."

அவள் கையை எடுக்கவில்லை. நான் வரைந்து முடிக்கும் வரை அங்கேயே வைத்திருந்தாள்.

ஆடி 18

ஆடிப்பெருக்கு. பவானி ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் கரை முட்ட ஓடியது. அக்கா பூவும் மஞ்சளும் விட்டாள். நான் ஆற்றைக் காட்டி, ஒரு காலத்தில் இதே இடத்தில் நான் பிடித்த மீனைப் பற்றிப் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "எவ்வளவு பெருசுங்?" என்று ஒருவர் கேட்டார். மிகப் பெரிது என்று வாயால் சொன்னேன்.

பேசும்போது கையைக் கட்டிக்கொள்வது என் வழக்கம். இருபது வருடமாக அப்படித்தான். கையை வீசிப் பேசுகிறவர்களிடம் ஒரு கம்பீரம் இருக்காது.

ஆடி 19 முதல் 25 வரை

எழுத நேரமில்லை. துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டேன். கையை இன்னும் வெட்டவில்லை. வேலைப்பாடு முடிந்த பிறகுதான் வெட்டுவது. பட்டர் பேப்பர் கோட்டை ஊசியால் குத்திச் சுண்ணாம்புப் பொடி தடவி இறக்கினேன். கோட்டின் மேல் சுண்டுவிரல் தடிமனுக்குப் பருத்திக் கயிறு. அதன்மேல் கம்பளி மூன்று அடுக்கு. புடவையின் அரக்கு நூலோடு காவியும் மங்கின தங்கமும் சேர்த்துச் சுற்றினேன். பட்டை வெடிப்புக்குச் சணலைப் பிரித்து வைத்தேன். விளிம்பு இரண்டாகப் பிரிகிற இடத்தில் கம்பிச் சுருளைத் துண்டு துண்டாக நறுக்கி நெருக்கிக் கோத்தேன். அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு நாள்.

வலக் கைக்கும் அதே மாதிரி போட்டுவிடலாமா என்று கேட்டேன். யமுனா, "அங்க தழும்பு இல்லீங்களே மாமா. அங்க ஒரு கொழுந்து போதும்" என்றாள். ஒரே ஒரு வேப்பங்கொழுந்து போட்டேன். அது என் யோசனை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆடி 27

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

சம்பூர்ணம் அம்மாள் பத்து மணிக்குச் சொல்லாமல் வந்தார். மரச்சட்டத்தில் துணி இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். எடுக்காமல் மறுபடி தடவினார். "என்னங்க இது, மரத்தையே கொண்டாந்து வெச்சிருக்கறீங்க!" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பிறகுதான் அளவைப் பார்த்தார்.

"இது எங்கீங் நிக்குது? முழங்கைக்கு மேலயா?"

"ஆமாங்க."

"கீழ துணி இருக்குதல்லங்? அதை அப்படியே உட்டுருங். வெட்டிராதீங். மணிக்கட்டு வரைக்கும் வரட்டும். உங்க மரம் நடுவுல இருந்துட்டுப் போவுது."

நல்ல வழிதான். யாருக்கும் நஷ்டமில்லை. அக்கா உடனே, "சரிங்க சம்மந்தி, அப்படியே பண்ணீரலாம்" என்றாள்.

யமுனா இன்று லீவு. கதவோரம் நின்றிருந்தாள். அவள் அம்மாவையும் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

கத்தரி பெரிது. நாற்பது வருடமாக என் கையில் இருப்பது. அதை எடுத்தேன். மடிப்புக்கு ஒரு விரல் விட்டு, பட்டை விளிம்பை ஒட்டியே ஒரே ஓட்டமாக ஓட்டினேன். கீழ்த்துணி பொத்தென்று தரையில் விழுந்தது.



கத்தரியைக் கீழே வைத்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "அடடா. தப்பா வெட்டிப் போட்டேனுங்க."

நாற்பது வருடத்தில் நான் ஒரு துணியைத் தப்பாக வெட்டியதில்லை. இந்த ஊரில் எவனும் அப்படிச் சொன்னதில்லை. இன்று நானே என் வாயால் சொன்னேன்.

"தப்பாவா?" என்றார் அந்த அம்மாள். "கண்ணு முன்னாடி நின்னு, கண்ணு முன்னாடி வெட்டிப்போட்டுத் தப்புங்கறீங்களா?"

"வயசாச்சுங்க. கை நடுங்கீருச்சுங்க."

யமுனா முன்னால் வந்தாள். "மாமா கை நடுங்கலீங்க அத்தை. நாஞ் சொல்லித்தான் வெட்டினாங்க. பொய் சொல்றாங்க, எனக்காக."

"ஏம்மா, நாலு பேரு பாப்பாங்களேன்னுதான சொல்றேன். உனக்காகத்தான சொல்றேன்?"

"நாலு பேரு பாக்கட்டுமுங்க. இது நான் திருடி வெச்ச பொருளுங்களா ஒளிச்சு வெக்க? இந்தக் கையிலதான் நாளைக்கு உங்களுக்குச் சோறு போடுவேன். அன்னைக்கும் முழுக்கை போட்டுட்டுப் போடச் சொல்லுவீங்களா?"

சம்பூர்ணம் அம்மாள் பையை எடுத்துக்கொண்டார். காப்பியையும் குடிக்கவில்லை. "பையங்கிட்டப் பேசறேனுங்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா தரையில் கிடந்த துணியை எடுத்து, சேர்த்துத் தைக்க முடியுமா என்பதுபோல் சட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கெடுத்துப் போட்டியேடா" என்றாள். "ரெண்டாவது தடவை."

என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. அவளுக்கு வயதாகிறது.

ஆடி 28

போன் இல்லை.

ஆடி 29

போன் இல்லை. அக்கா எனக்குத் தட்டு வைத்தாள், பேசவில்லை. யமுனா ஆபீசுக்குப் போனாள். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். எப்போது வாங்கினாளோ, ரெடிமேட். என்னிடம் தைக்கச் சொல்லவில்லை. தையல் சுமார்தான்.

ஆடி 30

பத்திரிகை அடித்து வந்துவிட்டது. கட்டைப் பிரிக்கவில்லை. உரக்கடைக்காரர், "என்னங் டெய்லரு, கல்யாணம் உண்டுங்களா?" என்று கேட்டார். "உண்டு, நான் சொல்லியாச்சு" என்றேன்.

ரவிக்கையை முடித்து வைத்தேன். காஜா எடுத்தேன். கொக்கி இரண்டு முறை வைத்தேன்.

ஆவணி 2

கார்வேந்தன் நேரில் வந்தான். கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற பையன். பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே யமுனாவிடம் பேசினான். நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். காதில் தானாக விழுந்தது.

"அம்மா மூணு நாளா எங்கூடப் பேசறதில்ல."

"அதுக்கு?"

"அதுக்கென்ன, சாப்பாடு நானே போட்டுச் சாப்படறேன்."

"சால்வை கீல்வை போத்திக்கச் சொல்லி எதாச்சும் தூது வந்திருக்கறீங்களா?"

"இல்ல. கையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அன்னைக்குச் சரியாப் பாக்கலை, வெக்கமாயிருந்துச்சு." வளையல் மேலே ஏறும் சத்தம் கேட்டது. பிறகு, "நம்ம ஆஸ்பத்திரியில ஒரு காங்கேயங் காளைக்கு இதவிடப் பெருசா இருக்குது. அதைப் பாத்தா ஊரே ஒதுங்கி நிக்கும்" என்றான்.

பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் யமுனா சிரித்தாள். இந்த வீட்டில் அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

இவன் தேறுவான் என்று முதல் நாளே சொன்னேன்.

ஆவணி 11, வியாழன்

கல்யாணம் முடிந்தது. மண்டபத்தில் ஆயிரம் பேர். சரி, முந்நூறு.

யமுனா மணமேடைக்கு வந்தபோது நான் ரவிக்கையைத்தான் பார்த்தேன். அரக்குத் துணி தோளிலிருந்து இறங்கி, பட்டையாகத் தடித்து, உதடாக உருண்டு நின்றது. அந்த உதடு எங்கே முடிந்து அவள் தழும்பு எங்கே தொடங்கியது என்று முதல் வரிசையில் இருந்தவர்களுக்கே தெரிந்திருக்காது. கை நிறைய மருதாணி. தழும்பின் மேலும் போட்டிருந்தாள். அங்கே மட்டும் அது வேறு நிறமாகப் பிடித்திருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். சம்பூர்ணம் அம்மாள் பையிலிருந்து ஒரு பட்டுச் சால்வையை எடுத்து யமுனாவின் இடது கையில் போர்த்தினார். மெதுவாகத்தான் போர்த்தினார். போட்டோக்காரர், "அம்மா, சால்வை வேண்டாமுங்க. கை வேலைப்பாடு மறையுது" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது பாவம்.

யமுனா சால்வையை எடுத்து நாலாக மடித்தாள். "மாமா, இதைக் கொஞ்சம் வெச்சுருங்க" என்று என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். சம்பூர்ணம் அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. ஆனால் மகனுக்கு அந்தப் பக்கம் நின்று படத்துக்கு முகத்தைக் காட்டினார்.

பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து மொய்த்தார்கள். எல்லோரும் ரவிக்கையைத் தடவினார்கள். பட்டையைத் தடவிக்கொண்டே வந்த விரல் துணியைத் தாண்டித் தோலுக்கு வந்துவிடுவதை அவர்கள் கவனிக்கவேயில்லை. ஒரு அம்மாள் மட்டும் சட்டென்று கையை எடுத்துவிட்டு, "ஐயோ, இது எப்படிச் சாமி ஆச்சு?" என்றார்.

நான் எழுந்தேன். இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் அங்கே இல்லை. கையைக் கட்டிக்கொண்டேன். "அதுங்களா, அன்னைக்கு ஒரு காட்டுப் பூனைங்க. நாய் ஒசரம் இருக்கும். மலையிலிருந்து எறங்கி…"

யமுனா என் பக்கம் திரும்பினாள். மாலையெல்லாம் போட்டுக்கொண்டு, வியர்த்து, நிறைந்த முகத்தோடு. கோபமே இல்லை.

"பூனை பாவம் மாமா," என்றாள். "உட்டுருங்க."

அதோடு நிறுத்திவிட்டேன். பந்தியைக் கவனிக்க வேண்டியிருந்தது.

ஆவணி 13

அக்கா மறுவீட்டுக்கு அந்தியூர் போயிருக்கிறாள். வீட்டில் நான் மட்டும். காலையிலிருந்து மூன்று பெண்கள் வந்துவிட்டார்கள், மரப்பட்டை ரவிக்கை வேண்டுமாம். பலாச்சுளை போடலாம், கடற்சிப்பி போடலாம் என்று எடுத்துச் சொன்னேன். அதெல்லாம் வேண்டாம், அதே பட்டை வேண்டும் என்கிறார்கள். அதே பட்டை இன்னொன்று போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

வெட்டின கீழ்த்துணி மேசைக்கு அடியில் கிடந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. குனிந்து எடுக்கும்போது, ஆறு வயதுப் பிள்ளைக்கு அங்கே நிமிர்ந்து உட்கார இடம் இருக்கிறது என்று தெரிந்தது.

டைரியில் பக்கம் மிச்சம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

இருபது வருடம் முன்பு, ஆடிப்பெருக்குக்கு மறுநாள். யமுனா மேசைக்கு அடியில் துண்டுத்துணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். இஸ்திரிப்பெட்டியை மேசை ஓரத்தில் வைத்தது நான். உரக்கடைக்காரர் வாசலில் நின்றார். பவானியில் நான் பிடித்த மீனைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெருசுங் என்று கேட்டார். இவ்வளவு பெருசு என்று இரண்டு கையையும் விரித்தேன்.

பூனை கிடையாது. இந்த வீட்டில் எந்தக் காலத்திலும் பூனை இருந்ததில்லை.

மீன் ஒரு சாண்தான் இருந்தது.